பதினோரு நிமிடச் சுற்று

பதிவு 212 | காலை 06:30

பனிவண்டி ஒரு நடை போய்த் திரும்பியது. சுற்று எட்டு நிமிடம் பத்து விநாடி. லோடு சரியாக இருக்கிறது. பனியைக் காற்றாக்கும் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. தொட்டி நிறைந்திருக்கிறது.

வெளியாள் படித்தாலும் புரிய வேண்டும் என்பது பதிவேட்டு விதி. எனவே மறுபடியும்: இது நிலவின் தென்துருவம். ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில், வெயில் அநேகமாக மறையாத மேட்டில் எங்கள் நிலையம். வெயிலே படாத பள்ளத்தின் அடியில் பனி. நிலவுத் தூளை உருக்கிப் போட்ட ஒருவழிச் சாலை ஒரு பக்கமாக இறங்கி, பனி ஏற்றும் இடத்தைத் தொட்டு, மறுபக்கமாக ஏறி வருகிறது. மொத்தம் ஒன்பது வளைவுகள். ஓட்டுநர் கிடையாது, வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். இங்கே இரண்டு வண்டிகள், இரண்டு மனிதர்கள். பனி வேதியியல் பார்க்கும் ஜெசிந்தா பர்னாந்து நான். மின்சாரம் பார்ப்பது இத்ரீஸ்.

கடைசி ஊறுகாய்ப் பொட்டலத்தைக் காணவில்லை. இருப்பதே இரண்டு பேர் என்பதால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிட்டது. இத்ரீஸ்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறான்.

பதிவு 213 | மாலை 17:05

சூரியப் புயல். எச்சரிக்கை வந்தது, ஆனால் இந்த அளவுக்கு அடிக்கும் என்று வரவில்லை. இரண்டு வண்டிகளின் தானியங்கி மூளையும் கருகிவிட்டது. கொட்டகையில் தீப்பிடித்த மின்பலகையை இத்ரீஸ் வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான். அதனால் வண்டிகள் பிழைத்தன. அவன் கைகள் இரண்டும் மணிக்கட்டுக்கு மேல்வரை வெந்துவிட்டன. களிம்பு போட்டுக் கட்டியிருக்கிறேன். வலிக்கவில்லை என்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

காற்றுத் தொட்டியில் விரிசல். அடைத்துவிட்டேன், ஆனால் மிச்சம் இருப்பது ஐந்து நாள் காற்று. மீட்புக் கப்பல் வர பத்தொன்பது நாள் ஆகும். ஒரு லோடு பனி எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் காற்று தரும். சார்ஜ் ஏற்றும் இயந்திரங்களில் பிழைத்தது ஒன்று, வண்டிக்கு அது சார்ஜ் ஏற்ற இரண்டு நாள் எடுக்கும். ஆக, சேர்த்து வைக்க வழியில்லை. இரண்டு நாளைக்கு ஒரு நடை, கப்பல் வரும்வரை. தவறவிட்டால் மூச்சு முட்டிச் சாவோம். இதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை.

வண்டியில் ஸ்டியரிங் இருக்கிறது. கொட்டகைக்குள் நகர்த்தி நிறுத்துவதற்காக வைத்தது. நான் தூத்துக்குடியில் பத்து வருடம் கார் ஓட்டியவள். சரியாகச் சொன்னால், பத்து வருடம் ஹாரன் அடித்தவள்.

ஓட்டுவது மட்டும் போதாது. நிழலுக்குள் பதினோரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் சக்கர அச்சில் உள்ள மசகு எண்ணெய் குளிரில் இறுகிவிடும். பிறகு வண்டி அங்கேயேதான் நிற்கும், ஓட்டிப்போனவரும் அங்கேயேதான்.

பதிவு 214 | மாலை 18:20

விளிம்புக்கு மேலே, வெயிலில், சமதரையில் காலி சிலிண்டர்களை நட்டு அதே ஒன்பது வளைவுகளை அதே அளவில் போட்டேன். வெயிலில் வண்டியின் சூரியத் தகடே சமதரையில் ஓட்டப் போதும், பேட்டரியை நிரப்பத்தான் போதாது. பனி ஏற்றும் நேரத்துக்காக நடுவில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இத்ரீஸ் ஜன்னலில் உட்கார்ந்து நேரம் பார்த்தான். கட்டுப் போட்ட கையால் பொத்தானை அழுத்த முடியாததால் மூக்கால் அழுத்தினான்.

முதல் சுற்று பத்தொன்பது நிமிடம். நான்கு சிலிண்டர்கள் சாய்ந்தன. இரண்டாவதில் வேகமாக ஓட்டினேன். இருபத்தொன்று. ஏழு சிலிண்டர்கள்.

காரணம் எனக்குத் தெரியும், நான் விஞ்ஞானி. இங்கே எடை ஆறில் ஒன்று, ஆகவே சக்கரம் தரையைப் பிடிப்பதும் ஆறில் ஒன்று. ஆனால் வண்டி ஓடிவரும் உந்துதல் முழுசாக அப்படியே இருக்கிறது. ஊரில் பத்து மீட்டரில் நிற்கும் வண்டி இங்கே அறுபது மீட்டர் போய் நிற்கும். இதைக் கரும்பலகையில் அழகாக விளக்குவேன். என் வலதுகாலுக்கு மட்டும் புரியவில்லை.

பூமியில் உள்ள கட்டுப்பாட்டு அறை ஒரு முன்னாள் பந்தய சாம்பியனைப் பேச வைத்தது. அவர் அனுப்பியது: "வண்டியை உணருங்க மேடம். அது உங்ககிட்ட பேசும்."

வண்டி என்னிடம் பேசவில்லை. நான் அதனிடம் பேசியதைப் பதிவேட்டில் எழுத முடியாது.

பதிவு 215 | மாலை 19:00

இன்று வேறு ஆள். டாக்டர் குப்புராஜ். கோயம்புத்தூரில் பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டுகிறவர். பதினாறு வருடமாக ஓட்டுகிறார், ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. கட்டுப்பாட்டு அறையில் யாருக்கோ புத்தி வேலை செய்திருக்கிறது. சாம்பியனுக்குத் தான் திணறிய காலம் மறந்துவிட்டது. இவருக்கு ஒவ்வொரு தப்பும் நினைவில் இருக்கிறது.

"ஏனுங்க மேடம், வளைவுக்குள்ள போயிப் பிரேக் புடிக்கறீங்க. நானும் மூணு வருசம் அதத்தானுங்க பண்ணுனேன். வண்டி நேரா இருக்கறப்பவே புடிச்சு முடிச்சுருங்க. பொறவு திருப்புங்க. திருப்பி முடிச்சுட்டு வேகம் குடுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலைங்க."

இன்னொன்று: "ரோடு பூராவும் உங்குளுதுதானுங்க. எதுக்கு நடுவுலயே போறீங்க? வெளி ஓரம், அக்கட்டால இருந்து உள்ள வாங்க, திரும்பி மறுபடி அக்கட்டாலயே வெளிய போங்க. வளைவு தானா அகலமாயிரும்."

ஒரு சிக்கல் உண்டு. பூமிக்குச் சேதி போய்வர ஏறக்குறைய மூன்று விநாடி. அவர் பிரேக் என்று சொல்வது என் காதில் விழும்போது சிலிண்டர் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் அவர் சொல்வதை நிறுத்திவிட்டு என்னைச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் என்ன செய்யப் போகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் கேட்பார். நிஜப் பள்ளத்தில் இது இன்னும் முக்கியம். நிழலுக்குள் இறங்கினால் ரேடியோ எட்டாது.

மெதுவாகப் போகச் சொன்னார். போனேன். பதின்மூன்று நிமிடம். எனக்குக் கோபம் வந்தது. ஆறு நிமிடம் குறைந்தது, அதுவும் மெதுவாகப் போய். இந்த வித்தையில் எதுவுமே என் குணத்துக்கு ஒத்துவரவில்லை.

பதிவு 216 | மாலை 18:45

பத்து நிமிடம் நாற்பத்தெட்டு. இத்ரீஸ் மூக்கை எடுக்காமலே கத்தினான். நாளை நிஜச் சாலை.

ஏழாம் வளைவைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன். ஏற்றத்தில் இருப்பது, செங்குத்தாக ஏறும். லோடு ஏற்றிய வண்டி அங்கே வேகத்தோடு போனால் ஏறிவிடும். நின்றால் தொலைந்தது. சக்கரம் சுழலும், வண்டி நகராது. ஆகவே ஏழில் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. இதை ஸ்டியரிங்கின் மேல் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்றிரவு தூக்கம் வராது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இத்ரீசிடம் சொல்லவில்லை.

பதிவு 217 | மதியம் 13:10

வந்துவிட்டேன். லோடு வந்துவிட்டது. பத்து நிமிடம் ஐம்பத்திரண்டு. 

சமதரையில் பழகியதில் ஒன்று விட்டுப்போயிற்று: இறக்கம். இரண்டாம் வளைவு தாண்டியதும் சாலை சரிந்து இறங்கியது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. மேம்பாலம் இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என் அப்பா செய்வார், நான் செய்வேன், எங்கள் தெருவில் எல்லோரும் செய்வார்கள். மோட்டாரின் பிடி விட்டதும் வண்டி தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. மூன்றாம் வளைவின் வெளி ஓரத்தில் ஒரு சக்கரம் சாலையை விட்டு வெளியே போய்த் தொங்கியது. எப்படி உள்ளே வந்தேன் என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நிழலை விட்டு வெளியே வந்ததும் முதலில் கேட்டது இத்ரீஸ்: "அக்கா, சத்தம் குடுங்க. அக்கா. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டவாச்சும் செய்யுங்க."

திட்டினேன். அழுதுவிட்டான்.

குப்புராஜிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் அடி எதுவும் படவில்லையே என்று கேட்டார். பிறகு: "நியூட்ரல்லயா போட்டீங்க? ஊட்டி எறக்கத்துல நியூட்ரல்ல வந்தவங்களுக்குப் பல்லுக் கட்டியே நான் ஒரு வீடு கட்டிருக்கேனுங்க. இனி கியரத் தொட்டீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன்."

பேட்டரி மிச்சமும் ஆகவில்லை. கியரில் இருந்திருந்தால் இறக்கத்தில் மோட்டாரே கொஞ்சம் சார்ஜ் ஏற்றியிருக்கும். விஞ்ஞானி.

பதிவு 218 | மதியம் 12:40

நான்கு நாளில் மூன்றாவது நடை. ஒன்பது நிமிடம் முப்பத்தெட்டு.

எனக்கு இது பிடித்துவிட்டது. மூச்சுக்காக ஓட்டுகிறேன், அதில் பிடித்திருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நான்காம் வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் பின்பக்கம் மெல்ல ஒதுங்குகிறது, நான் ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு விட்டுக்கொடுக்கிறேன், அது திரும்பி வருகிறது. நாற்பத்தாறு வயதில் என் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சாம்பியன் சொன்னது பொய்யில்லை போலிருக்கிறது. இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

ஏழில் கொஞ்சம் அதிக வேகமாகப் போய்விட்டேன். பின்னாலிருந்து ஒரு பனிக்கட்டி உருண்டு சாலையின் வெளி ஓரத்தில் விழுந்தது. வண்டி போக இடம் இருக்கிறது.

குப்புராஜ்: "நேரம் நல்லா இருக்குதுங்க. ஆனா உங்க குரலு சித்தெ சந்தோசமா இருக்குதுங்க. அதுதான் எனக்குப் பயம். நான் கார ஒடச்சது அத்தனையும் நல்லா ஓட்டுன நாள்லதானுங்க."

அவரிடம் சிரித்துவிட்டேன். இத்ரீஸ் கட்டு இல்லாமல் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தான். தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருக்கிறது. அடுத்த நடை அவன் போவதாகச் சொன்னான். அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த இரண்டாவது வண்டி முழு சார்ஜோடு சும்மா நிற்கிறதாம். டம்ளர் வேறு, ஸ்டியரிங் வேறு என்றேன்.

கப்பல் வர இன்னும் பதினோரு நாள்.

பதிவு 219 | உடைக் குரல்பதிவு | காலை 10:31

ஏழாம் வளைவு. வண்டி கவிழ்ந்துவிட்டது.

சாலைக்கு வெளியே, சரிவில், ஐந்தாறு மீட்டர் கீழே கிடக்கிறேன். வலது கால் வண்டிக்கு அடியில். விண்வெளி உடை கிழியவில்லை. இழுத்துப் பார்த்தேன், வராது. உடையின் சூடு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், காற்று அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். வேகம் சரி. பிரேக் சரி. போன நடையில் விழுந்த பனிக்கட்டி என் விளக்கில் மின்னியது. அதில் மோதிவிடக் கூடாது என்று அதையே பார்த்தேன். பார்த்த இடத்துக்குக் கை போயிற்று, கை போன இடத்துக்கு வண்டி போயிற்று. அவ்வளவு இடம் இருந்தும் நேராக அதன்மேல் ஏற்றினேன். சமதரையில் பயப்பட ஒன்றும் இல்லை, அதனால் இந்தத் தப்பு அங்கே வெளியே வரவேயில்லை.

நான் முட்டிச் சாய்த்த சாலைக் கம்பம் கைக்கு எட்டுகிறது. தானியங்கி வண்டிகளுக்காகப் போட்ட கம்பி அதில் அறுபடாமல் இருக்கிறது. குரல் போகாது, எழுத்து போகும். உடையின் இணைப்பு வயரை அதில் செருகி நிலையத்துக்குச் சேதி அனுப்பினேன்.

இத்ரீஸ்: "அக்கா இருக்கீங்கல்லா. நா வாறேன்."

வராதே என்றேன். உன் கையால் முடியாது என்றேன்.

இத்ரீஸ்: "ஸ்டியரிங்கப் புடிச்சுப் பாத்துட்டேன். முடியுது. டாக்டர் லைன்ல இருக்காரு. நீங்க ஓட்டுனதெல்லாம் நா கேட்டுட்டுத்தான இருந்தேன், ஒன்பது வளைவும் மனப்பாடம்."

இவனைத் தடுக்க முடியாது. கதவைப் பூட்ட நான் அங்கே இல்லை. சரி, வருவதென்றால் இறங்கிய கையோடு பனியை ஏற்று, ஏழில் நிற்காதே, நின்றால் மறுபடி ஏறாது என்று அனுப்பினேன். பனிக்கட்டியைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார் என்றும் அனுப்பினேன்.

இத்ரீஸ்: "நா நிப்பாட்டுவேன்க்கா. ஒங்கள வுட்டுட்டு மேல போயி நா யாருகூட சண்ட போட?"

கம்பி வழியாகவே கட்டுப்பாட்டு அறை குப்புராஜின் வார்த்தைகளை எழுத்தாக அனுப்பியது: "மேடம், அவரு கெளம்பிட்டாருங்க. நிக்காதீங்கன்னு நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான்."

நான் சொன்னாலும் கேட்க மாட்டான்.

பதிவு 220 | உடைக் குரல்பதிவு | காலை 10:49

யோசித்துவிட்டேன். அந்த வண்டியில் ஒரு சுற்றுக்குத்தான் சார்ஜ் இருக்கிறது. மறுபடி ஏற்ற இரண்டு நாள். தொட்டியில் இருப்பது அவன் ஒருவனுக்கு இரண்டு நாள் காற்று. இந்த லோடு மேலே போனால் இன்னும் நான்கு நாள், அதற்குள் அடுத்த நடை, பிறகு கப்பல். இவன் பிழைக்க முடியும். ஏழில் நின்றால் என் மேலிருந்து வண்டியைத் தூக்க அந்தக் கையால் முடியாது, தன் வண்டியையும் நகர்த்த முடியாது. இருவரும் இங்கேயே.

நான் உயிரோடு இருப்பது தெரிந்தால் நிற்பான். ஆகவே தெரியக் கூடாது.

கடைசியாக அனுப்பியது: கால் மரத்துவிட்டது, தூக்கம் வருகிறது, லோடு பத்திரம். பொய். கால் நன்றாகவே வலிக்கிறது. இவ்வளவு விழிப்பாக நான் எப்போதும் இருந்ததில்லை.

இத்ரீஸ்: "அக்கா தூங்காதீங்க. வண்டில ஏறிட்டேன். அக்கா."

இத்ரீஸ்: "அக்கா பதில் போடுங்க."

கம்பியைப் பிடுங்கிவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டேன். இனி இந்தப் பதிவு என் உடைக்குள் மட்டும்தான்.

பதிவு 221 | நேரம் பார்க்கவில்லை, திரை வெளிச்சம் தெரியும்

விளிம்பில் அவன் விளக்கு.

ஒன்று. மெதுவாக நுழைகிறான். நல்லது. இரண்டு. இறக்கம் வருகிறது, கியரைத் தொடாதே. தொடவில்லை. மூன்றுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே வேகம் குறைகிறது. நேராக இருக்கும்போதே. என்னுடைய முதல் நடையைவிட நன்றாக ஓட்டுகிறான், படவா.

நான்கில் நடுவிலேயே போகிறான். அகலம் பூராவும் எடு. ஐந்தில் எடுத்தான்.

கீழே நிற்கிறது. ஏற்றுகிறான். ஏற்றாமல் என்னிடம் நேராக வந்துவிடுவானோ என்று பயந்தேன். ஏற்றுகிறான். நேரமாகிறது. போதும், கிளம்பு. கிளம்பு.

ஆறு.

முதுகுக்குக் கீழே தரை அதிர்கிறது. வருகிறான். முகக்கண்ணாடி மின்னக் கூடாது. இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறேன்.

விரல் இடுக்கில் வெளிச்சம். என் மேல். அதிர்வு குறைகிறது. நிற்கப் போகிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும். கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. இத்ரீஸ் என்று ஒரே ஒரு தடவை. போ. நிற்காதே. போடா.

போ.

அதிர்வு மறுபடி கூடுகிறது. ஏறுகிறான். வெளிச்சம் போய்விட்டது.

எட்டு. ஒன்பது. விளிம்பில் ஒரு புள்ளி, பிறகு வெயிலில் கரைந்துவிட்டது. பதினோரு நிமிடத்துக்குள்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, அம்மா. குளிர் இப்போதுதான் இடுப்புக்கு வருகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு. விளக்கு அணைந்தது மின்சாரம் தீர்ந்ததால் என்று எழுதிக்கொள்ளுங்கள். வண்டி கவிழ்ந்ததும் உயிர் போய்விட்டது, இல்லை, சேதி அனுப்பினேனே, அதற்குப் பிறகு. அவன் வருவதற்கு முன். அவன் இங்கே வந்தபோது நான் இல்லை. இத்ரீசிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவன் விளக்கு என் கைமேல் விழுந்தது, விரல் அசைந்தது, அதை அவன் பார்த்தானா என்று எனக்குத்